மலைநாட்டில் ரெடிமேட் பேன்கேக் மா: பக்கெட்டில் எழுதியதை எங்கே மாற்ற வேண்டும்

நுவரெலியாவில் இருக்கிறீர்கள். பேன்கேக்குக்கும் வாஃபிளுக்கும் பொது என்று போட்ட ரெடிமேட் மாப் பக்கெட் ஒன்றைக் கொழும்பில் வாங்கி வந்திருக்கிறீர்கள். பக்கெட்டில் சொன்ன அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கலக்கியும் பேன்கேக் கல்லில் நன்றாக எழும்பி, கோப்பைக்கு வந்ததும் சப்பென்று உட்கார்ந்துவிடுகிறது, நடுவில் பிசுபிசுப்பு. வாஃபிள் மெஷினைத் திறந்தால் பாதி மேல்தட்டில், பாதி கீழ்த்தட்டில். மா பழையதா, மெஷின் பழுதா, கைப்பக்குவம் சரியில்லையா என்பது உங்கள் கேள்வி. மிச்ச மாவை வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் மூன்றுமே காரணமில்லை. அந்தப் பக்கெட்டின் அளவுகள் கடலோர உயரத்துக்கும் சூடான சமையலறைக்கும் போட்டவை. நீங்கள் செய்வது 1868 மீட்டர் உயரத்தில், குளிரில். வாஃபிள் கதை வேறு. அது உயரத்தைவிட எண்ணெய் சம்பந்தப்பட்டது.

முதலில் பேன்கேக் ஏன் உட்காருகிறது என்று பார்ப்போம். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். ஆகவே பேக்கிங் பவுடர் விடும் அதே வாயு, கொழும்பில் நான்கு பங்கு இடம் பிடித்தால் இங்கே ஐந்து பங்கு பிடிக்கும். குமிழி தேவைக்கு மேல் பெருத்து, சுற்றியுள்ள மா வெந்து இறுகுமுன் உடைந்துவிடுகிறது. அத்தோடு தண்ணீரின் கொதிநிலை 300 மீட்டருக்கு ஒரு பாகை என்ற கணக்கில் இறங்குகிறது. நுவரெலியாவில் 94 பாகையை ஒட்டியே தண்ணீர் கொதிக்கும். ஈரம் இருக்கும் வரை பேன்கேக்கின் உள்பக்கம் அந்தச் சூட்டைத் தாண்டாது. எனவே உள்ளே இறுக நேரம் எடுக்கிறது, வெளியே வழக்கமான வேகத்தில் சிவக்கிறது. மேலே பொன்னிறத்தைப் பார்த்து எடுத்துவிடுகிறோம், உள்ளே பச்சை.

பேக்கிங் பவுடரை மாவோடு கலந்தே விற்பதால் அதை மட்டும் குறைக்க வழியில்லை. ஆனால் ஐதாக்கலாம். ஒரு கப் ரெடிமேட் மாவுக்குச் சாதாரண கோதுமை மா ஒரு மேசைக்கரண்டி குவித்துச் சேருங்கள். தண்ணீரை பக்கெட்டில் சொன்னதைவிட இரண்டு மேசைக்கரண்டி கூட்டுங்கள். உயரத்தில் ஈரம் சீக்கிரம் ஆவியாகிவிடும், சேர்த்த மாவும் தண்ணீர் குடிக்கும். ஒரு சிட்டிகை உப்பு. 'தண்ணீர் மட்டும் போதும்' என்ற வகை மாவாக இருந்தாலும் ஒரு கப்புக்கு ஒரு முட்டை உடைத்து ஊற்றினால் குமிழியைத் தாங்கும் சுவர் பலப்படும். முட்டையின் கன அளவுக்கு, அதாவது மூன்று மேசைக்கரண்டி அளவில், தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தத் திருத்தத்தில் பாதி போதும். கண்டியிலும் பதுளையிலும் பக்கெட்டில் உள்ளபடியே செய்யலாம்.

வெள்ளிக்கிழமை முட்டை சேர்க்காத வீடுகளில் ஒரு முட்டைக்குப் பதிலாக ஒரு மேசைக்கரண்டி சோள மாவை (கோர்ன்ஃபிளவர்) இரண்டு மேசைக்கரண்டி பாலில் கரைத்து ஊற்றலாம். எழும்புவது கொஞ்சம் குறையும், பிசுபிசுப்பு வராது. தயிர் ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. ரெடிமேட் மாவில் வேண்டாம். அதில் சோடாவும் அமிலமும் ஒன்றுக்கொன்று சரிபார்த்துப் போட்டிருக்கும். தயிரின் புளிப்பு கலக்கும்போதே வாயுவைக் கிளப்பிவிடும், கல்லுக்குப் போகும்போது மிச்சம் இருக்காது. சைவமாகச் சாப்பிடுபவர்கள் வாங்கும்போதே சேர்மானப் பட்டியலைப் படித்துவிடுவது நல்லது. தண்ணீர் மட்டும் ஊற்றும் மாக்கள் பலவற்றில் முட்டைத்தூள் ஏற்கெனவே இருக்கும்.

அடுத்தது குளிர். இங்கே குழாய்த் தண்ணீர் கை விறைக்கிற அளவுக்கு இருக்கும். அதில் கலக்கினால் மா கெட்டியாகத் தெரியும், நாம் இன்னும் தண்ணீர் விடுவோம். கல்லில் சூடு பட்டதும் இளகி ஓடி, தோசைபோல் பரவும். வெந்நீர் ஊற்றினால் அதற்கு நேர்மாறான தொல்லை: மா கட்டிபடும், பேக்கிங் பவுடரில் ஈரமும் சூடும் பட்டதுமே வாயு விடும் பகுதி பாத்திரத்திலேயே தீர்ந்துவிடும். விரல் விட்டால் குளிரும் தெரியாமல் சூடும் தெரியாமல் இருக்கும் வெதுவெதுப்புத்தான் சரி. 25 முதல் 30 பாகை. முட்டை பிரிட்ஜில் இருந்தால் முன்கூட்டியே எடுத்து வெளியே வையுங்கள்.

தேங்காய் எண்ணெய் விஷயத்தில் மலைநாட்டுக்காரர் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அது சுமார் 24 பாகைக்குக் கீழே உறையும். நுவரெலியாவில் போத்தலிலேயே வெள்ளையாக இறுகி நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அதை உருக்கிக் குளிர்ந்த மாவில் ஊற்றினால் மறுநிமிடம் அரிசிக்குறுணை மாதிரி வெள்ளை மணிகளாகத் திரளும். கரைத்த மாவில் எண்ணெய் சீராகப் பரவாததால், வாஃபிளில் ஒரு மூலை மொறுமொறுப்பு, இன்னொரு மூலை ஒட்டல். உருக்கிய பட்டரும் இதே வேலையைச் செய்யும். மாவை வெதுவெதுப்பாக வைத்துக் கடைசியில் கலந்து உடனே வார்க்க முடியுமானால் தேங்காய் எண்ணெய் மணம் அருமை. முடியாதென்றால் சூரியகாந்தி எண்ணெய், சோயா எண்ணெய் போல குளிரிலும் ஓடும் எண்ணெயே நல்லது.

கலக்குவதில் பெரும்பாலானவர்கள் அளவுக்கு மீறி உழைக்கிறார்கள். ரொட்டிக்குப் பிசைகிற பழக்கம் கையில் இருப்பதால் கட்டி ஒன்றுகூட இல்லாமல் அடித்து அடித்துக் கரைப்பார்கள். அடிக்க அடிக்க மாவின் பசைத்தன்மை இழுபட்டு, பேன்கேக் றப்பர்போல் ஆகும். வெட்டிப் பார்த்தால் உள்ளே நெடுக்காகக் குகைபோல் ஓட்டைகள் தெரியும். முள்ளுக்கரண்டியால் பதினைந்து இருபது சுற்று. உலர்ந்த மா கண்ணுக்குத் தெரியாமல் போனதும் நிறுத்துங்கள். பயறு அளவுக் கட்டிகள் இருந்துவிட்டுப் போகட்டும், அவை தானாகவே ஊறிக் கரையும். கலக்கியபின் பக்கெட்டில் ஐந்து நிமிடம் என்றிருந்தால் நம் குளிரில் பத்து நிமிடம் விடுங்கள். ஊறிய மா, கரண்டியைத் தூக்கினால் நாடாவாக இறங்கி, மேற்பரப்பில் இரண்டு மூன்று விநாடி தடம் தெரிந்து மறைய வேண்டும். தடம் அப்படியே நின்றால் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர். தடமே விழாவிட்டால் ஒரு மேசைக்கரண்டி கோதுமை மா. ஊறியபின் மறுபடி அடித்துக் கலக்க வேண்டாம், சேர்ந்த வாயு போய்விடும்.

கல்லுக்கு வருவோம். மெல்லிய அலுமினியத் தாச்சியில் நெருப்பு படுகிற இடம் மட்டும் கருகும். கனமான ரொட்டிக்கல்லோ தோசைக்கல்லோ இருந்தால் நொன்ஸ்டிக்கைத் தேட வேண்டியதில்லை. காஸ் அடுப்பில் நடுத்தரத்துக்குக் கொஞ்சம் குறைந்த தீயில் ஐந்தாறு நிமிடம் கல்லைக் காயவிட்டு நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சொட்டு சுர்ரென்று பிரிந்து ஓடி ஆவியானால் சரி. அப்படியே கிடந்து மெதுவாகக் கொதித்தால் சூடு போதாது. உருண்டை உருண்டையாகத் திரண்டு நெடுநேரம் துள்ளினால் சூடு அதிகம். தீயைத் தணித்து இரண்டு நிமிடம் பொறுக்க வேண்டும். கல் 190 பாகையை ஒட்டி இருக்க வேண்டும் என்பது பொதுக்கணக்கு. நுவரெலியா உயரத்தில் 175, 180 என்று கொஞ்சம் தணித்து, நேரத்தைக் கூட்டினால்தான் உள்ளும் புறமும் ஒன்றாக வேகும். விறகடுப்பென்றால் கொழுந்துவிட்டு எரியும்போது வேண்டாம், தணலில் வையுங்கள்.

எண்ணெயைத் துணியால் துடைத்தாற்போல் தடவினால் போதும். எண்ணெய் தேங்கினால் ஓரம் பூரிபோல் பொரிந்து சொரசொரப்பாகும். ஒரு பேன்கேக்குக்கு மூன்று அல்லது நான்கு மேசைக்கரண்டி மா. கரண்டியால் தேய்த்துப் பரப்ப வேண்டாம், தானாகப் பரவட்டும். மேலே குமிழி வந்தவுடனேயே திருப்பிவிடுகிறோம், அது அவசரம். குமிழி உடைந்து, உடைந்த துளை மூடாமல் திறந்தபடி நிற்க வேண்டும். ஓரம் பளபளப்பு போய் மங்க வேண்டும். அப்போது ஒரே தரம் திருப்புங்கள். அமுக்கக் கூடாது. தட்டையான கரண்டியால் அமுக்கும் பழக்கம் ரொட்டிக்குச் சரி. இதில் பாடுபட்டு எழுப்பிய வாயுவை வெளியே தள்ளுவதாகிவிடும். இரண்டாம் பக்கத்துக்கு முதல் பக்கத்தின் பாதி நேரம் போதும். அப்படியும் நடுவில் பிசுபிசுப்பு தெரிந்தால் இரண்டாம் பக்கத்தில் ஒரு நிமிடம் மூடி போட்டு வையுங்கள்.

இனி வாஃபிள். ஒரே மா இரண்டுக்கும் என்று பக்கெட்டின் முன்பக்கம் பெரிதாகப் போட்டிருப்பார்கள். பின்பக்கத்துச் செய்முறையைப் படித்தால் வாஃபிளுக்குத் தனி அளவு சிறிய எழுத்தில் இருக்கும், அதில் எண்ணெயும் இருக்கும். அமெரிக்காவில் 1931 முதல் விற்கும் பிஸ்குவிக் மாவும் வாஃபிளுக்கு எண்ணெய் சேர்க்கத்தான் சொல்கிறது. நீங்கள் பேன்கேக்குக்குக் கரைத்ததையே மெஷினில் ஊற்றியிருக்கிறீர்கள். பேன்கேக்குக்கு ஒரு பக்கம்தான் கல். கரண்டி விட்டு எடுத்துவிடலாம். வாஃபிளுக்கு இரு பக்கமும் இரும்பு, நடுவில் நூறு பள்ளம் மேடு. மாவுக்குள்ளேயே எண்ணெய் இல்லாவிட்டால் அது விடாது. மேலே எவ்வளவு தடவினாலும் உள்ளே இருக்க வேண்டிய எண்ணெய்க்கு ஈடாகாது.

ஒரு கப் ரெடிமேட் மாவுக்கு எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, மொறுமொறுப்பு வேண்டுமென்றால் மூன்று. சோள மா ஒரு மேசைக்கரண்டி. நுவரெலியாத் திருத்தத்துக்குச் சேர்க்கும் கோதுமை மாவுக்குப் பதிலாகவே இதைச் சேர்க்கலாம், இரண்டு வேலையும் ஆகும். முட்டை ஒன்று. நேரமிருந்தால் வெள்ளைக்கருவைத் தனியே நுரைக்க அடித்துக் கடைசியில் மடித்துக் கலந்தால் உள்ளே பஞ்சாகவும் வெளியே மொறுமொறுப்பாகவும் வரும். சீனி கூட்டாதீர்கள். இனிப்பான ரெடிமேட் மா ஒட்டுவதற்கு இன்னொரு காரணமே சீனி கருகுவதுதான். கித்துல் பாணியை மாவுக்குள் ஊற்றுவதும் அதே வினை. பாணி மேலே ஊற்றத்தான்.

மெஷினின் பச்சை விளக்கு எரிந்ததும் ஊற்றிவிடாதீர்கள். அந்த விளக்கு காட்டுவது சூடறியும் புள்ளி ஒன்றின் நிலையை. குளிர்ந்த அறையில் தட்டின் ஓரங்கள் அப்போதும் பின்தங்கியிருக்கும். விளக்கு இரண்டு தரம் அணைந்து எரியும் வரை, மொத்தம் எட்டுப் பத்து நிமிடம், மூடியபடி காயவிடுங்கள். எண்ணெயைப் பிரஷ்ஷால் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் தடவி மாவை நடுவில் ஊற்றி மூடுங்கள். மூடியபின் ஓரத்தால் ஆவி குபுகுபுவென்று வரும். அது ஓயும் முன் திறந்தால் வாஃபிள் இரண்டாகப் பிளக்கும். மாவில் எண்ணெய் இல்லாததோடு இதுவும் உங்களுக்கு நடந்திருக்கலாம். ஆவி அடங்கியபின் மெல்லத் தூக்கிப் பாருங்கள். பிடித்தால் மூடிவிட்டு இன்னொரு நிமிடம், பலவந்தப்படுத்த வேண்டாம். பெரும்பாலான மெஷின்களில் மொத்தம் நான்கு ஐந்து நிமிடம் ஆகும், இங்கே ஆறுகூட ஆகலாம். எடுத்ததைத் தட்டில் அடுக்கினால் சொந்த ஆவியிலேயே தொளதொளத்துப் போகும். கம்பித் தட்டில் தனித்தனியாக ஆறவிடுங்கள்.

முன்பு ஒட்டிய மாவின் கருகல் பள்ளங்களில் இருந்தால் எத்தனை புது மா ஊற்றினாலும் அதே இடத்தில் பிடிக்கும். முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டு, மெஷின் இளஞ்சூட்டில் இருக்கும்போது ஈரத்துணியை மடித்து உள்ளே வைத்து மூடி, பத்து நிமிடம் ஊறவிட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். கத்தியும் இரும்பு நாரும் பூச்சைச் சுரண்டிவிடும். டின்னில் வரும் எண்ணெய் ஸ்பிரே பலவற்றில் லெசித்தின் என்ற சேர்மானம் இருக்கும். அது சூட்டில் பசைபோல் படிந்துவிடும். வெறும் எண்ணெயே மேல்.

மின்சாரத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தோட்டத்து லயன் வீடுகளில், அதுவும் வயர் வந்து முடிகிற கடைசி வீடுகளில், பின்னேரம் எல்லோரும் விளக்கும் கேத்திலும் போடும் நேரத்தில் வோல்ட் இறங்கும். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 190 வந்தால் மெஷினின் சூட்டு வலு மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். 900 வாட் மெஷின் 600 வாட்டை ஒட்டி வேலை செய்யும். முதல் வாஃபிள் நன்றாக வந்து, இரண்டாவது மூன்றாவது வெளிறி ஒட்டுவதற்கு இது பொதுவான காரணம். முதல் மா உறிஞ்சிய சூட்டைத் திரும்பப் பிடிக்க மெஷினுக்கு நேரம் போதவில்லை. ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு மூன்று நிமிடம் மூடிக் காயவிடுங்கள், அல்லது காலையில் செய்யுங்கள். அமெரிக்காவிலிருந்தோ கனடாவிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டுவந்த மெஷின் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படிக்காமல் செருக வேண்டாம். 120 வோல்ட் என்றிருந்தால் நம் பிளக்கில் ஏறத்தாழ நான்கு மடங்கு வலு பாய்ந்து எரிந்துவிடும்.

மா பழையதா என்று கேட்டீர்களே, அதற்கு எளிய சோதனை உண்டு. அரைக் கப் சுடுதண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ரெடிமேட் மாவைப் போடுங்கள். நுரைத்துப் பொங்கிக் குமிழி மேலே வந்தால் உயிர் இருக்கிறது. சும்மா கலங்கிக் கிடந்தால் பேக்கிங் பவுடர் செத்துவிட்டது. தேதி முடியாமலேயே இது நடக்கும். நம் பனியிலும் மழையிலும் திறந்த பக்கெட் ஈரம் இழுக்க, சோடாவும் அமிலமும் பைக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து தீர்ந்துவிடும். மா கட்டிகட்டியாக இருந்தால் அதுதான் அடையாளம். திறந்ததும் இறுக்கமான மூடியுள்ள டின்னுக்கு மாற்றுங்கள். அடுப்புக்கு மேலே உள்ள தட்டு காய்ந்த இடம்போல் தெரிந்தாலும் கேத்தில் ஆவி முழுக்க அங்கேதான் போகும். செத்த மாவை வீச வேண்டாம். ஒரு கப்புக்கு அரைத் தேக்கரண்டி புது பேக்கிங் பவுடர் சேர்த்தால் நுவரெலியாவுக்குப் போதும்.

கரைத்த மிச்சத்தை என்ன செய்வது? பிரிட்ஜில் மூடி வைத்து மறுநாளுக்குள் சுடலாம், ஆனால் எழும்புதல் பாதியாகிவிடும். நுவரெலியாக் குளிர் பிரிட்ஜுக்குச் சமம் என்று மேசையிலேயே விட்டுவைக்கும் பழக்கம் ஆபத்து. வீட்டுக்குள் 15 பாகை இருக்கும். பிரிட்ஜ் 4 பாகை. முட்டையும் பாலும் கலந்த மாவை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. பச்சை மாவைக் குழந்தைகள் விரலால் வழித்துச் சாப்பிடுவதையும் தடுங்கள். முட்டை இல்லாவிட்டாலும் வேகாத மாவில் கிருமி இருக்கலாம். மாவை வைப்பதைவிட எல்லாவற்றையும் சுட்டு ஆறவைத்து, இடையில் எண்ணெய்த்தாள் வைத்துப் பிரீசரில் போடுவது புத்திசாலித்தனம். வாஃபிளை டோஸ்டரில், பேன்கேக்கை மூடி போட்ட கல்லில் சூடாக்கலாம்.

இந்த மாவில் செய்யக் கூடாதது ஒன்று உண்டு: தேங்காய்ப்பூவும் பாணியும் வைத்துச் சுருட்டும் நம்மூர்ப் பேன்கேக். பேக்கிங் பவுடர் போட்ட ஓட்டையால் சுருட்டும்போது கிழியும், பாணி ஒழுகும், உள்ளிருக்கும் சீனியால் ஆங்காங்கே கருகும். அதற்கு வெறும் கோதுமை மா 125 கிராம், ஒரு முட்டை, பால் 300 மில்லிலீட்டர், உப்பு, நிறத்துக்கு நுனிவிரல் மஞ்சள்தூள். அரை மணித்தியாலம் ஊறவிட்டு மெல்லிசாக வாருங்கள்.

ரெடிமேட் மா வாங்கத்தான் வேண்டுமா என்றால், என் கருத்தில் தண்ணீரை ஊற்றிக் குலுக்கும் போத்தல் வகை பயணத்துக்குப் பரவாயில்லை; தண்ணீர் ஊற்றுமுன் போத்தலை அடியில் தட்டி மாவைத் தளர்த்தாவிட்டால் மூலையில் உலர்ந்த மா நிற்கும், அவ்வளவுதான். வீட்டுக்கோ, பக்கெட்டுக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் கோதுமை மாவுக்கும் சீனிக்கும்தான். நுவரெலியா உயரத்துக்கே அளந்து நீங்களே கலந்து வைக்கலாம்: கோதுமை மா 500 கிராம், முழு ஆடைப் பால்மா 60 கிராம், சீனி 50 கிராம், பேக்கிங் பவுடர் மட்டமாக மூன்றரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி. இரண்டு தரம் அரியுங்கள், இல்லாவிட்டால் பேக்கிங் பவுடர் ஒரே இடத்தில் திரண்டு கசக்கும். ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் பேக்கிங் பவுடர் நான்கு தேக்கரண்டி, கண்டியில் ஐந்து. செய்யும்போது இந்தக் கலவையில் 150 கிராமுக்கு ஒரு முட்டை, வெதுவெதுப்பான தண்ணீர் 170 மில்லிலீட்டர், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. கையகல பேன்கேக் ஆறு ஏழு வரும். வாஃபிளுக்குத் தண்ணீரை 150 ஆகக் குறைத்து, எண்ணெயை மூன்று மேசைக்கரண்டியாக்கி, சோள மா ஒரு மேசைக்கரண்டி சேருங்கள். மேலே எருமைத் தயிரும் கித்துல் பாணியும் ஊற்றிக்கொள்ளலாம். தயிரைப் பிரிட்ஜிலிருந்து எடுத்த குளிரோடு கொட்டினால் வாஃபிள் உடனே நமுத்துவிடும் என்பதால் பக்கத்தில் வைத்துத் தொட்டுச் சாப்பிடுங்கள்.